அதிகாரியின் சுவரில் ஒரு வயல்

ஐந்து ஆண்டுகளாகத் தரிசாகக் கிடக்கும் நிலம் என்று கோப்பில் எழுதியிருந்தது. தரிசு என்றால் தொழிற்பேட்டைக்கு எடுத்துக்கொள்ளலாம். அதைப் பவுனம்மாளுக்கு வாசித்துக் காட்டிய அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால், சுவரில், அவளுடைய அதே வயல் தொங்கிக்கொண்டிருந்தது. வெயிலைத் தூரிகையால் அப்பி அப்பி வரைந்த படம். விளைந்த நெல்லின் மஞ்சள், இடி விழுந்த மொட்டைப் பனை, நடுவே சிவப்பாய் ஒரு தீற்றல். நகரத்து ஓவியர் ஒருவர் மூன்று நாள் அவள் வரப்பில் குடை விரித்து உட்கார்ந்து வரைந்தது. மூலையில் அவர் கையெழுத்தும் போன ஜனவரியின் தேதியும் இருந்தன.

“தரிசுல எப்படி சார் நெல்லு வெளையும்? உங்க முதுகுக்குப் பின்னாடி பாருங்க. அந்தச் செவப்பு நான்தான். என் முண்டாசு.”

அதிகாரி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “அது கலைம்மா. உனக்கு வயலாத் தெரியுது, எனக்குக் கடலாத் தெரியுது. இதுல சர்வே நம்பர் எங்க இருக்கு?”

“என் கையால மோர் வாங்கிக் குடிச்ச மனுசன், கூப்பிட்டுக் கேளுங்க.”

“அடுத்த விசாரணையில பார்க்கலாம்.”

அடுத்த விசாரணையில் படம் இல்லை. ஓர் ஆணியும், சுற்றிலும் அழுக்கேறிய சுவரில் வெளுப்பாக ஒரு செவ்வகமும் இருந்தன.

“எந்தப் படம்?” என்றார் அதிகாரி, தலையைத் தூக்காமல்.

பவுனம்மாள் மேசையைச் சுற்றிக்கொண்டு சுவரிடம் போனாள். “ஏம்மா, ஏம்மா” என்று பியூன் ஓடி வந்தார். அவள் செவ்வகத்தின் வலது ஓரத்தில் விரலை அழுத்தி, மேலிருந்து கீழாக இழுத்து, அதிகாரியைத் திரும்பிப் பார்த்தாள்.

“இது கெழக்கு வரப்பு. எழுதுய்யா.”