வளைவில் ஒரு பிழை

சாஃப்ட்வேர் திரையில், லென்ஸுக்குள் புகுந்த ஒளிக்கதிர்கள் எல்லாம் வளைந்து ஒரே புள்ளியில் போய் விழுந்தன. டிசைனர் மறுபடியும் லென்ஸின் வளைவை மாற்றினார்.

"போன வாரமே சரியா வந்துடுச்சேண்ணா. இன்னும் கண்ணுல விளக்கெண்ணெய விட்டுக்கிட்டு என்னத்தத் தேடுறீங்க?" என்றான் பக்கத்து சீட்டுக்காரன்.

"எங்கயோ தப்பு இருக்குப்பா."

"எந்த கேமராவுக்கு இது?"

"கேமராவுக்கு இல்ல. என் பொண்ணோட மூக்குக்கண்ணாடிக்கு."

"அப்ப ஒண்ணு செஞ்சு போட்டுப் பாக்க வேண்டியதுதானே?"

"நம்ம லேப்லயே செஞ்சேன். இன்னைக்குக் காலையில ஜன்னலோரமா, நல்ல வெயில்ல உட்கார வச்சுப் போட்டுவிட்டேன்."

"என்ன சொன்னா?"

டிசைனர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"'லைட்டப் போடுங்கப்பா, அப்பதானே தெரியும்'னு சொன்னா."