காய் காய்?

“காய்ய்ய் காய்?”

குரல் கேட்டதும் உக்கிரபாண்டியின் காய்கறி ஆட்டோ காம்பவுண்ட் வாசலில் நின்றது.

குரல் மாடி ஓனரம்மா லலிதாம்பாளுடையது. ஆனால், தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு லலிதாம்பாளுக்குக் குரலே கிடையாது. இனிமேல் வரவும் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கூப்பிட்டது கீழ்வீட்டு ஐரின். ப்ளஸ் ஒன். அவள் வாயில் மாட்டாத ஆள் ஆனையூரிலேயே கிடையாது. ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ், சர்ச் ஃபாதர், பக்கத்து வீட்டு ஹெப்சிபா டீச்சரின் தும்மல், உக்கிரபாண்டியின் ஓட்டை ஸ்பீக்கர், எல்லாம் அவள் குரலில் அச்சு அசலாக வரும்.

‘காய் காய்’ லலிதாம்பாளின் சொந்தத் தயாரிப்பு. அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரா. அதில் ‘காய்’ என்றால் ‘என்ன’. தமிழ்க் காய் நமக்குத் தெரிந்த காய். இரண்டையும் கோத்து, ‘என்ன காய்?’ என்று பால்கனியிலிருந்து ராகம் போடுவார். காம்பவுண்டே சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

“என்ன பாப்பா, தினமும் இதே சோலியா? கேட்கவே ஒரு மாதிரி இருக்கு” என்றார் உக்கிரபாண்டி.

“கொத்தமல்லி மட்டும் குடுங்கண்ணே.”

“அதுக்கு எதுக்கு அம்புட்டு ராகம்?”

ஹெப்சிபா டீச்சர் வெளியே வந்தார். “வாயில்லாத மனுஷிய இப்படியா கேலி பண்றது? நான் யார்ட்டயும் சொல்லப் போறதில்லப்பா” என்றார், எல்லார் வீட்டுக்கும் கேட்கும்படி.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். ஓனர் ராதாகிருஷ்ணன். இந்த நேரத்துக்கு வாக்கிங் போயிருப்பார். இன்றைக்குத் தூறல், வீட்டிலேயே இருந்துவிட்டார்.

“என் வீட்டுக்காரி ஒரு வாய் தண்ணி முழுங்கத் தவிக்கிறா. அவ குரல் உனக்கு வெளையாட்டா? அதைக் கேட்டா எனக்கே...” மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஐரினின் அம்மா ஆனிமேரி பக்கம் திரும்பினார். “இந்த மாசத்தோட வீட்டைக் காலி பண்ணிருங்க.”

“அண்ணே, பிள்ளைக்குப் பரீட்சை வருதுண்ணே. இப்பப் போயி எங்க வீடு தேடுவோம்?” ஆனிமேரி மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “ஏண்டி இப்படிப் பண்ற? சொல்லித் தொலை.”

“சொல்லக் கூடாதும்மா.”

எல்லார் குரலும் தெரிந்தவளுக்குத் தன் குரல் மட்டும் மறந்துபோன மாதிரி நின்றாள்.

லலிதாம்பாள் படியிறங்கி வந்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி.

“நீங்க ஏம்மா இறங்கி வந்தீங்க? நாங்க கேட்டுக்கிறோம்ல” என்று முன்னால் வந்தார் ஹெப்சிபா டீச்சர்.

லலிதாம்பாள் அவரைத் தாண்டினார். கணவரையும் விலக்கிவிட்டு ஐரின் எதிரே நின்றார். கை ஓங்கியது. ஆனிமேரி கண்ணை மூடிக்கொண்டாள்.

அறை விழவில்லை.

ஓங்கிய கை தன் காதைத் தொட்டது. பிறகு இரண்டு விரலைச் சேர்த்து, காற்றில் நூல் இழுப்பதுபோல மெதுவாக, நீளமாக இழுத்துக் காட்டியது. ‘இம்புட்டு’ என்று நிறுத்தியது.

ஐரின் தலையாட்டினாள்.

“என்ன சொல்றா?” என்றார் ராதாகிருஷ்ணன்.

ஐரின் லலிதாம்பாளைப் பார்த்தாள். அவர் ‘சொல்லு’ என்று கண்ணைக் காட்டினார்.

“நீங்க வீட்ல இருக்கிறப்ப மட்டும் கூப்பிடக் கூடாதுன்னு இவங்கதான் சொல்லியிருந்தாங்க அங்கிள். உங்களுக்குத் தாங்காதாம். நீங்க இருக்கிறது தெரியாமக் கூப்பிட்டுட்டேன்.”

“அது சரி, இப்ப என்ன சொல்றா?”

“மொதக் காயை நான் சரியா இழுக்கலையாம். இப்படியே கூப்பிட்டா அவங்க குரல் அவங்களுக்கே மறந்துருமாம். நாளைக்கு ஒழுங்காக் கூப்பிடணுமாம்.”