தடம் தெரியாமல்

“நிழல்கூட இருக்கக் கூடாதப்பா. இன்னொருக்கா தேய்” என்றார் மயில்சாமி, குடைக்குள் நின்றபடி.

பெயிண்டர் ஜெயபிரகாஷ், பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியைப் பலகைமேல் அழுத்தினான். சங்ககிரியில் அந்த வீதிமுனைச் சிமெண்ட் பலகையில், மாணிக்கம் என்ற பெயருக்குப் பின்னால் முப்பது வருஷமாக ஒட்டிக்கொண்டிருந்த சாதிப் பேர் கறுப்புக் கூழாக இளகி வழிந்தது.

மேலே மஞ்சள் பெயிண்ட் ஒரு கோட்டிங் அடித்திருந்தால் பத்து நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும். இரண்டு மழை பெய்தால் அடியில் இருப்பது எட்டிப் பார்க்கும் என்று மயில்சாமி சம்மதிக்கவில்லை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எழுத்தின் குணம் தெரிந்தவர்.

சிமெண்ட் குடித்துவிட்ட கறுப்பைத் துணி எடுக்காது. கம்பி பிரஷ், பிறகு உப்புத்தாள், மறுபடியும் தின்னர். சித்திரை வெயிலில் கண் எரிந்தது, விரல்தோல் உரிந்தது. ஆனாலும் ஜெயபிரகாஷ் எந்தச் சுவரையும் இவ்வளவு ஆசையாகத் தேய்த்ததில்லை.

போன வருஷம் இதே வீதிக்கு வாடகை வீடு கேட்டு வந்திருந்தான். மகள் அபிநயாவின் பள்ளிக்கூடம் பக்கம் என்பதற்காக. குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்பதுவரை சொல்லிவிட்ட வீட்டுக்காரர், கடைசியாக எந்த ஊர், அதில் எந்தப் பக்கம் என்று விசாரித்தார். பதிலைக் கேட்டதும், வீடு நேற்றே வேறு ஆளுக்குப் பேசி முடிந்துவிட்டது என்றார். திரும்பும் வழியில் அபிநயா இந்தப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்து, அப்படியென்றால் என்ன என்று கேட்டாள். அவன் வண்டியை வேகமாக ஓட்டினான்.

அதனால்தான் வேலை இன்னதென்று தெரிந்ததும் ஓடி வந்தான். இந்தப் பேரை எடுக்கச் சொல்லி மயில்சாமி பேரூராட்சிக்கு ஏழு மனு போட்டு அனுமதி வாங்கியிருந்தார். வீதிக்காரர்கள் முறைத்தார்கள். யாரோ அவருடைய ஸ்கூட்டரில் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். மனிதர் அசையவில்லை.

“பொறந்ததுல இருந்து நானு பக்கத்து வீதி. முப்பது வருஷமா தெனமும் இந்தப் பேரப் பாத்துட்டுத்தான் கடைக்குப் போவோணும். வவுறு எரியுதப்பா” என்று அவர் சொன்னபோது ஜெயபிரகாஷ் அவரை நிமிர்ந்து பார்த்தான். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனிதர்.

மதியத்துக்குள் பலகை சுத்தமானது. மயில்சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கன்னம் உரச ஓரமாகச் சாய்ந்து பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். தடமே இல்லை. தான் பலகை பக்கத்தில் நின்றுகொண்டு, தன் போனில் ஒரு போட்டோ எடுக்கும்படி ஜெயபிரகாஷிடம் சொன்னார். சமத்துவம் மலர்ந்தது என்று எழுதி, மூன்று வாட்ஸ்அப் குழுக்களுக்கு அங்கேயே நின்று அனுப்பினார். கைதட்டல் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன.

பிறகு கூலியை நீட்டினார். ஜெயபிரகாஷ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“வேண்டாங்கய்யா. இதுக்குக் கூலி வாங்குனா எனக்குச் செரிக்காதுங்க.”

மயில்சாமி வற்புறுத்தவில்லை. ஜெயபிரகாஷ் டப்பாவை ஆட்டிப் பார்த்தான். பாதித் தின்னர் மிச்சமிருந்தது. வரும்போது அய்யாவின் வீதிமுனையிலும் இதேபோல ஒரு பலகையைப் பார்த்ததாகவும், அதிலும் ஒரு சாதிப் பேர் இருப்பதாகவும், பொழுது சாய்வதற்குள் அதையும் சும்மாவே தேய்த்துக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னான்.

மயில்சாமி குடையை மடக்கினார். வகுப்பில் ஒற்றுப்பிழை விட்ட பையனைப் பார்ப்பதுபோல அவனைப் பரிவோடு பார்த்தார்.

“அதுல கைய வெச்சறாத சாமி. அது எங்க ஆளுக பேரு.”