மேலே ஓர் அடுக்கு

பொயாக்கா மலையேரியின் சேற்றில் ஆண்டுக்கு ஓர் அடுக்கு படியும். ஒவ்வோர் அடுக்கிலும் உள்ள மகரந்தத்தில் பாதிக்குப் பாதி கரையிலுள்ள ஓக் மரக் காட்டினுடையது. ஏரிச் சேற்றை ஆராயும் ஒதிலியா நுண்ணோக்கியில் மூன்று முறை எண்ணிப் பார்த்துவிட்டாள். இந்த ஆண்டின் அடுக்குக்கு மேல் இன்னும் ஒன்று இருந்தது, இன்னும் வராத அடுத்த ஆண்டின் அடுக்கு. அதில் ஓக் மகரந்தம் ஒன்றுகூட இல்லை, வெறும் கரித்துகள்.

அப்பா விட்டுப்போன அந்தக் காட்டில் கோடரி படாது என்று அப்பாவின் சவப்பெட்டியைத் தொட்டுச் சத்தியம் செய்தவன் தம்பி எவேலியோ. அவனுக்குப் போன் போட்டாள்.

“என்ன சேத்து ராணி, இன்னிக்கு எத்தனை தூசி எண்ணின?”

“காட்டை வித்துட்டியாடா?”

அவன் சிரிப்பு நின்றது. “யாரு சொன்னா அக்கா? கையெழுத்தே திங்கக்கிழமைதானே?”

காலையில் காட்டில் ஒட்டிய மஞ்சள் நிற ஓக் மகரந்தம் அவள் சட்டைக் கையில் இன்னும் இருந்தது.