பாதியில் எழுந்த ஆட்டம்

“என்னாலதான் தோத்தீங்களாப்பா?”

ஏழு வயதில், கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்க, ருய்லான் கேட்டது. அவள் அப்பா கெங் அன்று பேச்சை மாற்றிவிட்டார். முப்பத்து நான்கு வருடம் கழித்து இப்போது அவர் அதே ஊர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். சுரங்கத் தூசி நுரையீரலைத் தின்று தீர்த்திருந்தது. மூக்கில் குழாய்.

“கம்ப்யூட்டரைத் திற, லான். அந்தக் கடைசி ஆட்டத்தைப் போட்டுப் பாத்துடலாம். யாரு ஜெயிச்சிருப்பாங்கன்னு அது சொல்லிடும்.”

“வேண்டாம்ப்பா.”

“ஏன், பயமா?”

பயம்தான். மாகாணச் சீனச் சதுரங்க அணிக்கான இறுதி ஆட்டம் அது. பாதியில், ‘குழந்தைக்குக் காய்ச்சல், மூச்சுத் திணறுகிறது’ என்று சீட்டு வந்தது. தோல்வி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிவந்தார் கெங். எதிராளிக்கு அணியில் இடம் கிடைத்தது. இவர் சுரங்கத்துக்கே திரும்பினார். சமனாகியிருந்தால்கூட அந்த இடம் இவருக்குத்தான்.

அப்பாவை இந்தக் கட்டிலில் கிடத்தியது தான்தான் என்று ருய்லான் நம்பினாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒன்பது வருடமாக அவருடைய கோழைச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“சமன்னு வந்துட்டா நான் எப்படிப்பா தாங்குவேன்?”

“டாக்டர் எனக்குக் குடுத்திருக்கறது ஒரு வாரம். தெரிஞ்சுக்காமலே போகச் சொல்றியா?”

அவள் கம்ப்யூட்டரை மடியில் வைத்துத் திறந்தாள். திரையில் பலகை விரிந்தது. கெங் கண்ணை மூடிக்கொண்டு, ஞாபகத்திலிருந்து ஒவ்வொரு காயாகச் சொன்னார்.

“சிவப்புத் தேர் அங்கே இல்லைடி, பலகை நடுவுல இருக்கற ஆத்தைத் தாண்டி வை. நாப்பத்தோரு வயசுல காயை இப்படியா வைப்பே?”

“நீங்க கத்துக்குடுத்திருந்தாத்தானே! அன்னிக்கப்புறம் வீட்டுல பலகையையே எடுக்கலையே.”

கெங் சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது.

“காய் இவ்வளவுதானாப்பா?”

“இவ்வளவுதான். ஆட வேண்டியது கறுப்பு. அதாவது நான்.”

அவள் விசையைத் தட்டினாள். எண்கள் ஓடின. அவள் உதடுகள் கருணைத் தெய்வமான குவான்யின் தாயை அழைத்தபடி இருந்தன. எண்கள் நின்றன.

“அப்பா... சிவப்புக்குத்தான் வெற்றி. இருபத்திரண்டு நகர்த்தல். நீங்க எப்படி ஆடியிருந்தாலும் தோல்விதான்னு சொல்லுது!”

“பாத்தியா? நான் மூணு மணி நேரம் மண்டையை உடைச்சுக்கிட்டதை இது தும்முற நேரத்துல சொல்லிடுச்சு. ஓடிவராம உக்காந்திருந்தா, ஊரே பாக்கத் தோத்திருப்பேன். உன் காய்ச்சல் என் மானத்தைக் காப்பாத்துச்சு.”

ருய்லான் அவர் கையில் முகம் புதைத்து, வெகுநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போனாள். நடையில் அவள் காலடி ஒரு சிறுமியுடையதைப் போலக் கேட்டது.

அறையில் வேறு யாரும் இல்லை. கெங் மறுபடி கண்ணை மூடினார். மனத்துக்குள் விரிந்திருந்த பலகையில், மகளிடம் சொல்லாமல் விட்ட கறுப்பு யானையை எடுத்து அதன் இடத்தில் வைத்தார். அது அங்கே நின்றவரை சிவப்பால் அந்த ஆட்டத்தை ஜெயித்திருக்கவே முடியாது.