மயிரிழைத் தூரம்

கட்டுவிரியன் கடித்த தவசியின் வாயில் குழாய் செருகியிருந்தது. குழாயின் மறுமுனையிலிருந்த ரப்பர் பையை அவன் மனைவி பவளம் இரண்டு கையாலும் அமுக்கி அமுக்கி விட்டாள். அமுக்கும்போது மட்டும் அவன் நெஞ்சு எழுந்தது. அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் மூச்சு மெஷின் கிடையாது. அது இருக்கும் ஊருக்குக் கொண்டுபோக வண்டி இன்னும் வரவில்லை.

“மூளை ‘மூச்சு விடு’ன்னு சொல்றது நரம்போட நுனி வரைக்கும் வருதும்மா,” என்று நர்ஸ் அடுத்த கட்டிலுக்கு ஓடுமுன் சொல்லியிருந்தாள். “அங்கேருந்து தசைக்கு மயிரிழைத் தூரம். அதைத் தாண்ட விடாம விஷம் மறிக்குது. மருந்து ஏறுது. அது வேலை செய்யிற வரைக்கும் கையை எடுத்துராத.”

தவசியின் அண்ணன் காத்தான் கட்டிலருகே வந்தான்.

“பொணத்துக்குக் காத்தடிக்கிறியா? அடிச்சா லாரி டயருகூடத்தான் எழும்பும். பந்தலுக்குச் சொல்லியாச்சு, விடு புள்ள.”

“அவருக்குக் காது கேக்கும் மாமா. இங்க நின்னு பேசாதீங்க. கொஞ்சம் கை மாத்தி விடுங்க, விரல் மரத்துப்போச்சு.”

“கேக்குமாம்ல!” காத்தான் தம்பியின் இமையைப் பெருவிரலால் தூக்கிக் காட்டினான். “நீயே பாரு, அசையுதா?”

கண் அசையவில்லை. அதில் தேங்கியிருந்த நீர் மட்டும் வழிந்து காதுப்பக்கம் இறங்கியது.

காத்தான் இமையை விட மறந்து நின்றான். “அப்போ... பந்தல்னு நான் சொன்னது?”

பவளம் அமுக்கு, அமுக்கு என்று தன் விரல்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். விரல்கள் அசையவில்லை; பை பாதி அமுங்கியபடி நின்றிருந்தது.