வலது மூலையில் விலாசம்

கமா டீச்சர் அந்தக் கடிதத்தை அடுப்படி இடுக்கியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். செத்த எலியைக்கூட அவர் அவ்வளவு எட்டப் பிடித்ததில்லை.

“சீ, கருமம்! பாருடி, உன் வருங்காலப் புருஷன் உனக்கு எழுதியிருக்கிற லட்சணத்தை!”

மகள் எட்டிப் பார்த்தாள். பெயர் எதுவும் இல்லை. வலது மூலையில் மாப்பிள்ளை வீட்டு விலாசம் மட்டும் ஒழுங்காக இருந்தது. அதன் கீழே, ‘ஹேய் ட்யூட், வாட்ஸ் அப்?’ என்று ஆரம்பம்.

“அம்மா, அவர் எனக்குக் கடிதமே எழுதினதில்லை. எல்லாம் போன்லதான்.”

“பின்னே, எனக்கா எழுதினான்? பழைய பேப்பர் கட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டு நடிக்காதே!”

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆங்கில இலக்கணம் நடத்தி, ‘கமா’ என்று பட்டப்பெயர் வாங்கியவர் டீச்சர். கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் பிழை திருத்துவார், அப்புறம்தான் தேதியைப் பார்ப்பார். அந்த வீட்டில் யாருக்குப் போன் வந்தாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அந்த வீட்டுச் சேதி தெருவுக்கே தெரிவதும் அந்தப் புண்ணியத்தில்தான்.

“சிநேகிதமா எழுதறதுக்கும் ஒரு முறை இருக்கு. இவன் என்னடான்னா, களைச்சுப் போனதுக்கு ‘ஐயாம் டெட் பீட், மேன்’கிறான். மேனாம்! கட்டிக்கப் போற பொண்ணு இவனுக்கு மேனா? ‘ஹாங் இன் தேர், பட்டி’யாம், கூட்டாளியாம்! எச்சில் தட்டுல கையை விட்ட மாதிரி இருக்கு. படிக்கப் படிக்கக் குமட்டுது!”

“கூட்டாளிங்க எழுதிக்கற மாதிரி சும்மா ஜாலியா...” என்று சோபா மூலையிலிருந்து இழுத்தார் கணவர். ஆயுசு முழுக்க ஆபீஸ் கடிதங்களில் ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள’ என்று எழுதியே ஓய்வு பெற்ற குமாஸ்தா. வீட்டிலும் பெரிய மாற்றமில்லை.

“நீங்க சும்மா இருங்க. இதைக் கேளுங்க. சர்க்கரை போடாத காப்பியை வாயில வைக்க முடியலை, ‘இட் சக்ஸ்’னு எழுதியிருக்கான். சக்ஸாம், த்தூ! ஆக, இந்த வயசுலயே சர்க்கரை வியாதி. மறைச்சுட்டாங்க!”

“நேத்துதான் ரெண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டாரும்மா.”

“அப்போ முத்திப்போச்சு.”

டீச்சர் போனைத் தேடினார். “இப்பவே பேசி நிறுத்திடறேன். இந்தச் சாக்கடையை மாப்பிள்ளைன்னு கூப்பிட என் நாக்கு வளையாது.”

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “அவர் இல்லேன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்மா.”

கணவர் எழுந்தே நின்றுவிட்டார். “நிறுத்தறதா? ஐயையோ, இவ்வளவு நல்ல சம்பந்தம் மறுபடி கிடைக்குமா?” மகளின் குரலைவிட அவர் குரல்தான் அதிகம் நடுங்கியது.

போனுக்கு அவசியமே இல்லாமல் போயிற்று. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா முதலில் இறங்கினார். ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவர். பரிசோதனைக்கு அனுப்பும் சளியைப் போல, ஒரு காகிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, இரண்டு விரலால் பிடித்திருந்தார். பின்னால் ஒன்றும் புரியாத முகத்தோடு மாப்பிள்ளை. எல்லோருக்கும் கடைசியில் மாப்பிள்ளையின் அப்பா.

“வாங்க சம்பந்தி.”

“இருக்கட்டும் சம்பந்தி.”

நாலடி தள்ளி நின்று இரண்டு அப்பாக்களும் கைகூப்பினார்கள். பிறகு ஒரே சோபாவின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்து, ஒருவர் ஜன்னலையும் ஒருவர் மின்விசிறியையும் பார்த்தார்கள். சம்பந்தம் பேசிய நாளிலிருந்து அவர்கள் இதற்கு மேல் பேசி யாரும் கேட்டதில்லை.

நர்ஸம்மா உட்காரக்கூட இல்லை. “பொண்ணுக்கு நல்லா இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்திருக்கீங்க, டீச்சரம்மா! உங்க வீட்டு விலாசத்தைப் போட்டு என் பையனை ‘யூ ஓல்ட் ராஸ்கல்’னு எழுதியிருக்கா. கிழட்டு ராஸ்கலாம்! படிச்சதிலேர்ந்து சோறு இறங்கலை எனக்கு.”

“உங்க பையன் எழுதினது மட்டும் சந்தனமா? மூக்கைப் பொத்திக்கிட்டுப் படிங்க!”

இடுக்கியும் பிளாஸ்டிக் உறையும் கூடத்தின் நடுவே எதிரெதிராக நின்றன.

“இந்தக் கல்யாணம் நடக்காது,” என்றார் டீச்சர்.

“அதைச் சொல்லிட்டுப் போகத்தான் ஆட்டோவைக் காக்க வெச்சிருக்கேன்.”

“ஐயோ, நான் எதுவுமே எழுதலை அத்தை!” என்று அழுதாள் பெண்.

“சத்தியமா நானும் இல்லை,” என்றான் மாப்பிள்ளை. “எனக்குத் தபால்பெட்டி எங்கே இருக்குன்னே தெரியாது.”

“அப்போ யார்தான் எழுதினது?” இரண்டு அம்மாக்களும் ஒரே குரலில் கேட்டார்கள். டீச்சர் நெற்றியில் ஏற்றியிருந்த கண்ணாடியை மெல்ல இறக்கி, பிளாஸ்டிக் உறைக்காகக் கையை நீட்டினார்.

சோபாவின் ஸ்பிரிங் கிரீச்சிட்டது. மாப்பிள்ளையின் அப்பா தன் ஓரத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து வந்து, பெண்ணின் அப்பா காதோடு கிசுகிசுத்தது எல்லோருக்கும் கேட்டது:

“படிச்சதும் கிழிச்சுப் போடுன்னு சொன்னேனேடா!”